மலையில் நட்ட சிலுவை, கையில் குத்திய சிலுவை

போடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற இளவட்டங்களின் கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வேல், திரிசூலம், சிங்க முகம், ‘அம்மா’ என்ற எழுத்து. இவற்றோடு சிலுவையும் நிறையத் தென்படும். சிறகு முளைத்த சிலுவை, முள்முடி மாட்டிய சிலுவை, ஜெபமாலை சுற்றிய சிலுவை, ஈசிஜி கோட்டின் நடுவே எழும்பி நிற்கும் சிலுவை. கிறிஸ்தவப் பையன்கள் மட்டும் குத்திக்கொள்வதில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பத்துப் பையன்கள் கையிலும் பார்க்கிறேன்.

என் அக்கா மகனுக்கும் இப்போது அந்த ஆசை வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஏகப்பட்ட படங்களை அனுப்பிவிட்டு, “சித்தி, இதுல எது கெத்தா இருக்கும்? நீங்கதான் கோயில் காரியமெல்லாம் தெரிஞ்சவங்க, சொல்லுங்க” என்று கேட்டான். ரெண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அவனை மாதிரி யோசிக்கிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். சிலுவையின் பொருளில் பாதி அதன் வடிவத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அதை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. மலை உச்சியில் நட்டால் ஒரு பொருள். சுவரில் மாட்டினால் ஒரு பொருள். சொந்தத் தோலில் குத்திக்கொண்டால் முற்றிலும் வேறு பொருள். அந்த வேறுபாடு தெரிந்தவர்கள் குத்திக்கொள்ளட்டும், தாராளமாக.

அம்மாச்சியின் கை

எங்கள் அம்மாச்சி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தோட்டத்தில் இறங்குவார். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் பறிக்க வேண்டும். நாள் முழுக்கப் பறித்தால் விரலெல்லாம் கறுப்புக் கறை பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

அந்தக் கையில், வலது முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிலுவை இருந்தது. நெடுக்குக் கோடு தடிமனாக இருக்கும். குறுக்குக் கோடு ஒரு பக்கம் லேசாக ஏறியிருக்கும். நான்கு மூலைக்கும் ஒவ்வொரு புள்ளி. அடியில், ஊர்க் குருசடியின் பீடத்தில் இருப்பது மாதிரியே, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று படி. வயதாக வயதாகக் கோடுகள் அகன்று, ஓரம் மங்கி, கரும்பச்சையாகிவிட்டது. ஆனாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால்கூட அது சிலுவைதான் என்பதில் சந்தேகம் வராது.

சின்ன வயதில் ஒருமுறை, “கழுத்துல சங்கிலி போட்டுச் சிலுவை மாட்டிக்கலாம்ல அம்மாச்சி, எதுக்கு இப்படிக் குத்திக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “தங்கச் சிலுவை அடகுக் கடைக்குப் போயிரும் தாயி. இது போகாது” என்றார். தோட்ட வேலைக்காரக் குடும்பங்களில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்தால் காதில் கழுத்தில் கிடப்பது எங்கே போகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பதிலின் கனம் புரியும். செத்த பிறகு கட்டையோடு கூட வருவது பச்சை மட்டும்தான் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

திருவிழாவுக்கு வந்த குறவர் சமூகத்துப் பெண் ஒருவர்தான் அதைக் குத்தினாராம். அந்த மை தயாரிக்கும் விதத்தை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று ஏழு தொகுதிகள் கொண்டுவந்தவர். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்துப் புகைக்கரியைப் பிடிப்பார்கள். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டால் கருவியும் தயார்.

அந்த நான்கு புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாச்சிக்குத் தெரியாது. குத்திய பெண்ணுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோலம் போட்டுப் பழகிய கைக்கு நான்கு மூலையும் வெறுமையாகக் கிடப்பது பொறுக்காது, புள்ளி வைத்திருக்கும். ஆனால் பல நூறு ஆண்டுகளாக எருசலேம் யாத்ரீகர்கள் கையில் குத்திக்கொள்கிற சிலுவையிலும் அதே நான்கு மூலைகளில் நான்கு குட்டிச் சிலுவைகள் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்ததல்ல. அதனால்தான் எனக்கு இந்த ஒற்றுமை இன்னும் பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் சிலுவைப் பச்சை அம்மாச்சி மாதிரி ஏழைப் பெண்களோடு நின்றுவிடவில்லை. இன்று ஆங்கிலோ இந்தியர் என்று சொல்கிறோமே, அந்தச் சமூகத்து ஆண்களைச் சென்னையில் அளந்து ஆராய்ந்தபோது அவர்கள் உடம்பில் என்னென்ன குத்தியிருந்தது என்றும் தர்ஸ்டன் பட்டியல் போட்டிருக்கிறார். நங்கூரம், கப்பல், நடனப் பெண், காதலியின் பெயரெழுத்து என்று நீள்கிற அந்தப் பட்டியலில் சிலுவையும் உண்டு; இதயமும் சிலுவையும் சேர்ந்த வடிவமும் உண்டு. இன்றைக்கு மதுரை, தேனிக் கடைகளின் ஆல்பத்தில் அதே இதயமும் சிலுவையும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிற டிசைன் அது.

சிலுவையைத் தோலில் சுமந்தவர்கள்

உலகத்தில் சிலுவையைத் தோலில் குத்திக்கொண்டவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெரும்பாலும் அவர்கள் அதிகாரம் கையில் இல்லாதவர்கள்.

எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாக ஒரு சிலுவை குத்திக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கே குத்திவிடுகிறவர்கள் உண்டு. நூற்றாண்டுகளாகச் சிறுபான்மையாக வாழும் சமூகம் அது. ஆலய வாசலில் பாதுகாப்புச் சோதனை வந்துவிட்ட இந்தக் காலத்தில், மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே போகிற வழக்கம்கூட அங்கே இருக்கிறது. எத்தியோப்பிய மலைநாட்டில் பெண்கள் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறார்கள்.

போஸ்னியாவில் துருக்கிய ஆட்டோமான் ஆட்சி நடந்த காலத்தில், கத்தோலிக்கப் பெண்கள் கையிலும் புறங்கையிலும் மார்பிலும் சிலுவை குத்திக்கொண்டார்கள். சுற்றிலும் கிளையும் வளையமுமாக நெல்மணி அளவுக்குச் சின்னச் சின்னக் கோடுகள். நம் பிள்ளை யார் என்று உடம்பே சொல்லட்டும் என்று தாய்மார் எடுத்த முடிவு. அவர்கள் மையில் என்ன கலந்தார்கள் தெரியுமா? புகைக்கரியும் தாய்ப்பாலும். நம் ஊர் அகத்தி மையிலும் அதேதானே. கடலும் மலையும் தாண்டி, ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் பாலையே இதற்கும் எடுத்திருக்கிறார்கள் என்று படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எருசலேம் பழைய நகரத்தில் ரசூக் குடும்பம் இருக்கிறது. எகிப்திலிருந்து வந்து குடியேறிய காப்டிக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக யாத்ரீகர்களுக்குச் சிலுவை குத்துவதே தொழில். ஒலிவ மரக்கட்டையில் உருவத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அதை மையில் தோய்த்துக் கையில் அச்சு வைத்து, அதன் மேல் ஊசி போடுவார்கள். வந்து போன ஆண்டையும் சேர்த்துக் குத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரான இளவரசர் 1862-ல் எருசலேமில் சிலுவை குத்திக்கொண்டார். அவர் மகன், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ், 1882-ல் அங்கே போய்க் குத்திக்கொண்டார். பட்டத்து இளவரசரானாலும் அந்த ஊசிக்கு முன்னால் யாத்ரீகனாகத்தான் கையை நீட்ட வேண்டும்.

மலையும் சுவரும்

இப்போது நம் மலைக்கு வருகிறேன். போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பூப்பாறை, சாந்தன்பாறை வழியெல்லாம் சாலையோரத்தில் குருசடிகள் இருக்கும். வண்டிக்காரர்கள் வேகம் குறைத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள். அந்தச் சிலுவைகள் எனக்கு இஷ்டம்.

ஆனால் 2017 ஏப்ரலில் நடந்ததையும் மறக்க முடியாது. சின்னக்கானல் பக்கம் பாப்பாத்திச்சோலையில், அரசு நிலத்தில் பிரம்மாண்டமான சிலுவை ஒன்று நட்டிருந்தது. ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் கேரள வருவாய்த் துறையினர் அதை அகற்றினார்கள். மாநிலம் முழுக்கப் பெரிய விவாதம். இடித்த விதம் சரியா என்று ஒரு பக்கம், நட்டது சரியா என்று ஒரு பக்கம். எனக்கு வலித்தது இரண்டாவது கேள்விதான். சிலுவையை நட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்ற நினைப்பில் ஒருவர் அதை எங்கே நட்டாலும், அந்த இடத்தில் சிலுவை எல்லைக்கல்லாகிவிடுகிறது. அடுத்தவருக்கும் உரிய நிலத்தைக் கேட்கிறது. தோலில் குத்தும் சிலுவையோ தன் உடம்பைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. நிலத்தில் நடுவது எடுத்துக்கொள்வது. தோலில் குத்துவது கொடுத்துவிடுவது.

சுவரில் மாட்டிய சிலுவைக்கும் ஒரு கதை இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர், பட்டியல் சாதி இந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்த அதிகாரிகள், அவர் மதம் மாறிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். சாதிச் சான்றிதழ் ரத்தானது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2021 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. சுவரில் சிலுவை மாட்டியிருப்பதாலோ, கணவரோடும் பிள்ளைகளோடும் ஆலயத்துக்குப் போவதாலோ ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டுவிட்டதாக அர்த்தமில்லை என்று சொல்லி, அந்த ரத்தை நீதிமன்றம் செல்லாது என்றது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சில இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, அந்தத் தகுதி முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில்கூட, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், நடைமுறையில் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆலயம், ஆவணத்தில் இந்து என்று வாழ்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. படிப்பு உதவித்தொகைக்கும் ஜெபமாலைக்கும் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்துகிற சட்டம்தான் மாற வேண்டும். சிலுவையின் காலடிக்கு வந்த பிறகும் சாதி ஒருவரை விட்டுவிடவில்லை என்பது நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தாலே தெரியும்.

அதுவரை ஒரு உண்மையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் இருப்பதைக் கழற்றி உள்ளே வைக்கலாம். கையில் இருப்பதைக் கழற்ற முடியாது. உயர் நீதிமன்றம் சொன்ன நியாயப்படி பார்த்தால் கையில் உள்ள சிலுவையும் மதம் மாறியதற்கான சாட்சிப் பத்திரம் ஆகக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் விசாரணைக்கு வருகிற அதிகாரி அப்படி நினைப்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மறைக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்கிறேன். காப்டிக் தாய்மாருக்கும் போஸ்னியாத் தாய்மாருக்கும் அது தெரிந்தே இருந்தது.

எந்த வடிவம் என்ன சொல்கிறது

நாம் தினம் பார்க்கிற, நெடுக்கு நீண்டு குறுக்கு மேலே இருக்கிற சிலுவை லத்தீன் சிலுவை. இயேசுவின் உருவம் இல்லாமல் வெறுமையாக இருந்தால் உயிர்ப்பைச் சொல்கிறது. பாடுபட்ட சுரூபத்தோடு இருந்தால் பாடுகளைச் சொல்கிறது. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே வீடுகளில் வெறும் சிலுவையும் கத்தோலிக்க வீடுகளில் சுரூபமும் அதிகம் இருப்பது இதனால்தான். சுரூபம் குத்துவதென்றால் உள்ளங்கை அளவாவது இடம் விடுங்கள். சின்னதாகக் குத்தினால் சில வருடத்தில் முகம் எது, முடி எது என்று தெரியாமல் கறையாகிவிடும். இயேசுவின் முகத்துக்கு அந்தக் கதி வர வேண்டாம்.

எருசலேம் சிலுவையில் நடுவே பெரியது ஒன்று, மூலைக்கு ஒன்றாகச் சின்னது நான்கு. கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் என்பார்கள். கிறிஸ்துவும் நான்கு நற்செய்தியாளர்களும் என்றும் சொல்வார்கள். ‘போய்ச் சேர்ந்தேன், கண்டேன்’ என்று யாத்ரீகர்கள் வாங்கி வந்த அடையாளம் அது. புனித பூமிக்குப் போய்வந்த தாத்தா பாட்டி நினைவாகக் குத்திக்கொண்டால் அழகான காரணம்.

என் மனசுக்கு மிக நெருக்கமானது தோமா சிலுவை. 1547-ல் சென்னை பரங்கிமலையில் போர்த்துகீசியர்கள் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவையில் அதைப் பார்க்கலாம். கோட்டயம் வலியபள்ளியிலும் இருக்கிறது. முனைகள் மொட்டு மாதிரி விரிந்திருக்கும். மேலே புறா இறங்கிவரும். அடியில் தாமரை இதழ் போல இலைகள். உருவம் கிடையாது. சாவுக்கான மரம் பூத்து நிற்கிறது என்பதுதான் அதன் செய்தி. மலைக்கு அந்தப் பக்கத்து நஸ்ராணிக் கிறிஸ்தவர்களின் சொத்து என்று விட்டுவிடாதீர்கள். கல் கிடைத்தது நம் சென்னையில். சுற்றிலும் உள்ள பஹ்லவி எழுத்தை மட்டும் சேர்க்க வேண்டாம். அதை எப்படிப் படிப்பது என்று அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

தாமரை பிடித்த சிஎஸ்ஐ பிள்ளைகளுக்கு அவர்கள் சபையின் சின்னமே இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் சின்னத்தில் சிலுவையும் தாமரையும் அக்கினி நாவுகளும் ஒன்றாகக் கோத்திருக்கும்.

‘T’ மாதிரி இருப்பது தாவ் சிலுவை. அசிசி பிரான்சிஸ் தன் கையெழுத்தாகவே இதைப் போட்டார். எசேக்கியேல் ஒன்பதாம் அதிகாரத்தில், நகரத்தில் நடக்கும் அநியாயங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடச் சொல்கிறார் கடவுள். அந்த அடையாளம்தான் தாவ். சமூக வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

நங்கூரச் சிலுவை ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலேயே இருக்கிறது. எபிரெயர் ஆறாம் அதிகாரம் நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரமாகச் சொல்வதிலிருந்து வந்தது. தூத்துக்குடி, குமரிக் கடற்கரைக்காரர்களுக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி.

தலைகீழ்ச் சிலுவையைப் பேய்ச் சின்னம் என்று சினிமா பழக்கிவிட்டது. உண்மையில் அது பேதுருவின் சிலுவை. ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாகத் தனக்குத் தகுதியில்லை என்று சொல்லித் தலைகீழாக அறையக் கேட்டார் என்பது மரபு. தாழ்மையின் சின்னம். ஆனால் பார்க்கிறவர்களிடம் ஆயுசுக்கும் விளக்கம் சொல்லத் தெம்பு வேண்டும். வட்டம் கோத்த செல்டிக் சிலுவை அயர்லாந்தின் பழைய கற்சிலுவைகளிலிருந்து வந்தது. முடிச்சு வேலைப்பாட்டோடு பார்க்க நன்றாக இருக்கும். அதையே குட்டையாக, வெறும் வட்டமும் கூட்டல் குறியுமாக வெளிநாட்டு வெள்ளை இனவெறிக் கும்பல்கள் பயன்படுத்துகின்றன. வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் அந்த வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சிறகுச் சிலுவையும் தேதி போட்ட சிலுவையும் இறந்தவர்களுக்கானவை. ஜீப் விபத்திலும் பைக் விபத்திலும் கூட்டாளியைப் பறிகொடுத்த பையன்கள் இந்த மலையடிவாரத்தில் உண்டு. அவர்களுக்குக் கல்லறை தூரத்தில் இருக்கிறது, கை பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் நியாயம் கேட்க நான் யார்?

வேதம் தடுக்கிறதா?

பாஸ்டர்கள் லேவியராகமம் 19:28-ஐ எடுத்துக் காட்டுவார்கள். செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்ள வேண்டாம், பச்சை குத்திக்கொள்ள வேண்டாம் என்று இஸ்ரயேலுக்குக் கொடுத்த கட்டளை அது. சுற்றியிருந்த பிற இனத்தாரின் சாவுச் சடங்குகளிலிருந்து விலக்கிவைக்கச் சொன்னது என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். அதே அதிகாரத்தில் இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்றும் இருக்கிறது. அதைக் கிறிஸ்தவர்கள் யாரும் இன்று பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இன்னொரு பக்கம், ஏசாயா 44-ல் ஆண்டவருக்குச் சொந்தம் என்று ஒருவன் கையில் எழுதிக்கொள்வதைப் பற்றி வருகிறது. 49-ல் கடவுளே தன் ஜனத்தை உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். கலாத்தியர் கடைசி அதிகாரத்தில் பவுல் தன் உடம்பில் இயேசுவின் அடையாளங்களைச் சுமப்பதாகச் சொல்கிறார். அவை அடிபட்ட தழும்புகள்.

என் நம்பிக்கை இது: சிலுவையைக் குத்திக்கொள்வதால் யாரும் பரிசுத்தர் ஆவதில்லை, பாவியும் ஆவதில்லை. அம்மாச்சியின் கைச் சிலுவைக்கு மதிப்புக் கொடுத்தது அந்தக் கை செய்த வேலை. அதே நேரம், மனசாட்சிக்கு ஒப்பவில்லை என்று ஒருவர் மறுத்தால் அவரைப் பழமைவாதி என்று ஒதுக்காதீர்கள். அவர்களும் அதே ஆண்டவருக்காகத்தான் மறுக்கிறார்கள்.

ஊசிக்கு முன்னால்

இடம் முக்கியம். நம் பையன்கள் நிறையப் பேர் பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் முயற்சி செய்கிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் உள்ள நிரந்தரப் பச்சைக்குத்தான் அனுமதி. மத்திய ஆயுதப் படைகளின் அறிவிப்பில் மதச் சின்னங்களுக்குத் தடையில்லை. ஆனால் முன்கை என்றால் சல்யூட் அடிக்காத இடது கையின் உள்பக்கம், இல்லையென்றால் புறங்கை. அந்தப் பாகத்தில் கால்வாசிக்கும் குறைவான அளவு. கழுத்திலும் மார்பிலும் குத்திவிட்டு வேலை வாய்ப்பைத் தொலைக்காதீர்கள். சவூதி வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் வெளியில் தெரியாத இடமாகப் பாருங்கள்.

மை தோலின் இரண்டாம் அடுக்கில் போய் உட்காருகிறது. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வருடம் போகப் போக மை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். அதனால் கோடுகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். முடிமாதிரி மெல்லிய கோடு போனில் அழகாகத் தெரியும். அம்மாச்சியின் தடித்த கோடு ஒரு ஆயுசு தாங்கியது. கலர் மைகளில் சிவப்புக்குத்தான் ஒவ்வாமை அதிகம். ரத்தத் துளி வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கட்டும்.

திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியைப் பலருக்குப் போடுவதைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலை வைரஸும் எச்ஐவியும் அந்த வழியாக வரும். உங்கள் கண் முன்னால் சீல் பிரித்த ஊசி, புதுக் கிண்ணத்தில் ஊற்றிய மை, புதுக் கையுறை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கையை நீட்டாதீர்கள். குத்திய பிறகு 12 மாதம் ரத்த தானம் செய்யக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காய் எடுக்கிற சீசனில் குத்தாதீர்கள். புதுப் பச்சை என்பது திறந்த புண். ஆடியிலிருந்து மலை முழுக்க ஈரம், சேறு, அட்டைப்பூச்சி. ஏலச்செடிக்கு மருந்து வேறு அடிக்கடி அடிப்பார்கள். அது தெளித்த இலைதான் கையில் நாள் முழுக்க உரசும். பங்குனி, சித்திரையில் வேலை குறைவாக இருக்கும்போது குத்தி, ரெண்டு மூன்று வாரம் தோல் ஆற விட்டு, அப்புறம் மலை ஏறுங்கள்.

அக்கா மகனுக்கு என் பதில்: இடது முன்கையின் உள்பக்கம், தடித்த கோட்டில், உருவமில்லாத தோமா சிலுவை. ‘ஏன் குத்தின?’ என்று ஒரு பெரியவர் கேட்டால் நீயாகவே பதில் சொல்ல முடிய வேண்டும். கெத்து என்பது பதிலாகாது.

கடைசியாக உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். 1950-களில் ஜான் கார்ஸ்வெல் என்பவர் எருசலேமில் ரசூக் குடும்பத்தின் பழைய மரக்கட்டைகளை எல்லாம் அச்செடுத்துப் புத்தகமாகப் போட்டார். அதனால்தான் இன்று அந்த வடிவங்கள் உலகத்துக்குத் தெரிகின்றன. போடியிலும் தேவாரத்திலும் உத்தமபாளையத்திலும் ராயப்பன்பட்டியிலும் கையில் பச்சைச் சிலுவையோடு இருக்கிற அம்மாச்சிகளும் அப்பத்தாக்களும் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு ஒரு ட்ரேசிங் தாளை அந்தக் கையில் வைத்து அப்படியே வரைந்துகொள்ளுங்கள். எந்தத் திருவிழாவில், எந்த வயதில், எதற்காகக் குத்தினார்கள் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி ஒரு கட்டுச் சேர்ந்தால், அடுத்த தலைமுறைப் பிள்ளை சிலுவை குத்தப் போகும்போது எங்கிருந்தோ வந்த படங்களைப் புரட்ட வேண்டியதில்லை. இந்த மலையில் பாடுபட்டவர்களின் சிலுவையிலிருந்தே தனக்கானதை எடுத்துக்கொள்ளும்.